பிறந்தநாள் விடுதலை

2018 நவம்பர் 19ஆம் தேதி வேலூர் மத்தியச் சிறையிலிருந்து மூன்று பேர் வெளியே வந்தார்கள். தருமபுரி பேருந்து எரிப்பு வழக்கில் தண்டனை பெற்ற அதிமுகவினர். எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழாவுக்காக ஆயுள் கைதிகளை விடுவிக்கிறோம் என்று அரசு முடிவு செய்தது, அந்தக் கணக்கில் இவர்களும் வந்தார்கள்.

இருபதுகளில் இருப்பவர்கள் பலருக்கு அந்த வழக்கே தெரியாது. 2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்று தீர்ப்பு வந்த நாள். கல்விச் சுற்றுலா முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவிகளின் பஸ், தருமபுரிக்குப் பக்கத்தில் இலக்கியம்பட்டியில் மறியலில் மாட்டியது. பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். பின்பக்கம் இருந்தவர்களால் இறங்க முடியவில்லை. மூன்று மாணவிகள் உள்ளேயே கருகிச் செத்தார்கள். தீர்ப்பு எழுதிய நீதிபதிக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? அவர்கள் கட்சிக்காரர்கள்கூட இல்லை. படிக்கிற பிள்ளைகள்.

அடுத்து நடந்ததைத்தான் நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம். விசாரணை முதலில் கிருஷ்ணகிரியில் நடந்தது. 2001இல் ஆட்சி மாறி அதிமுக வந்தது. சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராகப் பிறழ்ந்தார்கள். இப்படியே போனால் எல்லோரும் விடுதலைதான் என்ற நிலையில், இறந்த ஒரு மாணவியின் தகப்பனார் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அவர் போனதால்தான் வழக்கு சேலத்துக்கு மாறி முதலிலிருந்து மறுபடி நடந்தது. 2007இல் மூன்று பேருக்குத் தூக்கு, மற்றவர்களுக்குச் சிறை. 2010இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2016இல் அதே நீதிமன்றம் மறுபரிசீலனையில் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. கும்பல் வெறியில் நடந்தது, திட்டமிட்ட கொலை அல்ல என்று சொன்னது. நான் தூக்குத் தண்டனையை எதிர்ப்பவன். அந்தக் குறைப்பில் எனக்கு மனக்குறை இல்லை.

ஆனால் ஆயுள் என்று சொன்ன இரண்டே வருஷத்தில், அவர்கள் எந்தத் தலைவிக்காக பஸ்ஸைக் கொளுத்தினார்களோ அதே தலைவியின் கட்சி ஆட்சியில் உட்கார்ந்துகொண்டு, அந்தக் கட்சியை ஆரம்பித்தவரின் நூற்றாண்டைச் சாக்காக வைத்து அவர்களை வெளியே விட்டது. ஆளுநர் முதலில் கோப்பைத் திருப்பி அனுப்பினார். அரசு மறுபடி அனுப்பியது. ஊரே கொதித்த பிறகு ராஜ்பவன் விளக்கம் வெளியிட்டது. மாணவிகளைக் கொல்லும் எண்ணம் அவர்களுக்கு இருக்கவில்லை என்பது அரசு தரப்பின் வாதங்களில் ஒன்று. அத்தனை வருஷம் கோர்ட் படியேறிய அந்தத் தகப்பனை இந்த முடிவுக்கு முன் யாராவது கூப்பிட்டுக் கேட்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. என் ஆத்திரமெல்லாம் அந்த இடத்தில்தான்.

இதை அதிமுக மேல் மட்டும் போட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வராது. 2008 செப்டம்பர் 15, அண்ணா நூற்றாண்டு. திமுக ஆட்சி. ஏழு வருஷம் சிறையில் கழித்திருந்தால் போதும் என்று வரம்பு வைத்து, ஒரே வீச்சில் 1,400க்கும் மேற்பட்ட ஆயுள் கைதிகளை விட்டார்கள். மதுரை வில்லாபுரத்தில் குடிநீருக்காக நின்ற மார்க்சிஸ்ட் கவுன்சிலர் லீலாவதியை 1997 ஏப்ரலில் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்களே, அந்த வழக்கில் தண்டனை பெற்ற திமுகவினரும் அதில் வெளியே வந்தார்கள். தண்ணீர் கேட்டதற்காக ஒரு பெண்ணை நடுத்தெருவில் வெட்டியதற்கு ஏழு வருஷம் போதும் என்று விலை வைத்தார்கள்.

மேலவளவு இன்னும் கொடுமை. தனித் தொகுதியாக்கப்பட்ட ஊராட்சியில் ஒரு தலித் தலைவராக உட்காரக் கூடாது என்பதற்காகவே 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூட வந்தவர்களையும் ஓடும் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். முருகேசனின் தலையைத் துண்டித்தார்கள். பதினேழு பேருக்கு ஆயுள். அவர்களில் மூன்று பேர் 2008இல் அண்ணா பெயரில் போனார்கள். பதின்மூன்று பேர் 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். பெயரில் போனார்கள். இரண்டு கட்சிகளும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு விட்டன. அந்த விடுதலை அரசாணைகளின் நகலைக் கேட்கவே பாதிக்கப்பட்டவர்கள் தரப்பு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. கொன்றவன் வெளியே வந்ததற்கான காகிதம்கூடச் செத்தவன் வீட்டுக்கு வராது.

சட்டம் எப்படி இதற்கு இடம் கொடுக்கிறது என்று கேட்பீர்கள். தூக்குக்கு உரிய குற்றத்தில் ஆயுள் பெற்றவர் குறைந்தது பதினான்கு வருஷம் உள்ளே இருக்க வேண்டும் என்று 1978இல் குற்ற நடைமுறைச் சட்டத்தில் 433ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். இப்போதைய புதிய சட்டத்திலும் அது இருக்கிறது. ஆனால் அரசியலமைப்பின் 161ஆம் பிரிவு ஆளுநருக்குக் கொடுத்திருக்கும் மன்னிப்பு அதிகாரத்தை அந்தப் பதினான்கு வருஷ வரம்பு கட்டாது. 1980இல் மாருராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆளுநர் என்றால் நடைமுறையில் அமைச்சரவை. அதனால்தான் இங்கே ஏழு வருஷம், பத்து வருஷம் என்று வசதிக்குத் தகுந்தபடி வரம்பு வைக்க முடிகிறது.

அதே மாருராம் தீர்ப்பில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இன்னொன்றும் எழுதினார். ஒரு முதலமைச்சர் தன் பிறந்தநாள் என்றோ தனக்கு மகன் பிறந்திருக்கிறான் என்றோ மாநிலத்தின் சிறைகளில் இருக்கும் எல்லோரையும் திறந்துவிட்டால், அந்தப் பைத்தியக்காரத்தனத்தைப் பிழைக்க விடுவது அரசியலமைப்புக்கே இழைக்கும் கொடுமை என்கிற அர்த்தத்தில். கைதிகளின் உரிமைக்காக இந்த நாட்டில் அவரைவிட அதிகமாக எழுதிய நீதிபதி யார் இருக்கிறார்கள்? சிறைக்குள் மனிதனைத் தேடியவர் அவர். அவரே இப்படிச் சொன்னார். 2006இல் ஆந்திராவில் காங்கிரஸ்காரர் ஒருவருக்கு ஆளுநர் கொடுத்த தண்டனைக் குறைப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, கட்சி, சாதி, மதம் பார்த்து மன்னிக்கக் கூடாது என்றது. தீர்ப்புகளுக்குப் பஞ்சமில்லை. நம் ஊரில் தலைவர்களின் பிறந்தநாளுக்கும் பஞ்சமில்லை.

இனி எனக்குத் தெரிந்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். பெரிய வழக்கு இல்லை, பேப்பரில் நாலு வரி வந்த வழக்கு. எங்கள் தெருவில் ஒரு அக்கா. வரப்புத் தகராறில் அவர் வீட்டுக்காரரை வெட்டிவிட்டார்கள். வெட்டியவன் ஊரில் கொஞ்சம் கட்சிச் செல்வாக்கு உள்ளவன். சமன் வரும்போதெல்லாம் அக்கா கூலி வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறுவார். போய்ப் பார்த்தால் வக்கீல் வரவில்லை, வாய்தா. ஒருநாள் சாட்சிக் கூண்டில் நிறுத்தி, சீல் வைத்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு சட்டையைக் காட்டி, இது யாருடையது என்று கேட்டார்கள். ரத்தம் காய்ந்து கறுத்துப் போயிருந்ததாம், நிறமே தெரியவில்லையாம். மூன்றாவது பொத்தானை மட்டும் நீல நூலில் தைத்திருந்ததை வைத்து அடையாளம் சொன்னார். வெள்ளை நூல் தீர்ந்து போனதால் அவரே அப்படித் தைத்தது. இதைச் சொல்லும்போது இப்போதும் அவர் விரல் தானாக நெஞ்சில் பொத்தான் இருக்கும் இடத்துக்குப் போகும்.

ஆயுள் கிடைத்தது. அன்று கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டு வந்து, இனிமேல் பிள்ளையைப் படிக்கவைப்பதுதான் வேலை என்றார். பல வருஷம் கழித்து ஒருநாள் காலையில் பஸ் ஸ்டாப்பில் வெடிச் சத்தம். ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்த அவருக்கு எடை போடுகிறவர்தான் சொன்னார், "யக்கா, அவன் வந்துட்டான் போல, தெரியாதா உனக்கு?" என்று. ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள், கட்சி நிறத்தில். அக்கா அரிசியை வாங்கினார், சர்க்கரையை வாங்காமலே வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் என்னிடம் கேட்டார்: "ஏந்தம்பி, கோர்ட்டுக்கு வா வான்னு அத்தன தடவ கூப்பிட்டாங்களே, இவன விடப்போறோம்னு ஒரு தபால் போடக் கூடாதா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுக்க நான்தான் மனு எழுதிக் கொடுத்தேன். விடுதலையை ரத்து செய்யச் சொல்லி அல்ல. பயமாக இருக்கிறது, பாதுகாப்பு வேண்டும் என்று மட்டும். மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று ஒரு கடிதம் வந்தது. அத்தோடு சரி. வயலுக்குப் போகிற வழியை அக்கா மாற்றிக்கொண்டார், சுற்றிக்கொண்டு போகிறார். மகனைத் திருப்பூரில் தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார், எங்கே எதிரெதிரே பார்த்து ஏதாவது செய்துவிடுவானோ என்று. வெளியே வந்தவன் நிமிர்ந்து நடக்கிறான். ஒரு தப்பும் செய்யாதவர்கள் வழி மாறிப் போகிறார்கள்.

இதைப் பேசினால் கிடைக்கும் பதில்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். படித்த, முற்போக்கான நண்பர்கள் வட்டத்தில்தான் எனக்கு அதிகமாக வாய் அடைக்கப்படுகிறது. "அப்ப நீ தூக்குத் தண்டனைக்கு ஆதரவா?" என்பது முதல் கேள்வி. "இது பழிவாங்கும் மனநிலை" என்பது அடுத்தது. "சிறை திருத்துவதற்கா, தண்டிப்பதற்கா?" என்று ஒரு பாடம். கைதியின் மனித உரிமையைப் பேசினால் நீங்கள் நல்லவர். செத்தவன் வீட்டின் உரிமையைப் பேசினால் உங்களுக்கு ஏதோ கோளாறு. மனித உரிமை என்ற சொல் எப்போது ஒரு பக்கத்துக்கு மட்டும் சொந்தமாயிற்று? ரேஷன் வரிசையில் நின்ற அக்காவும் மனுஷிதான்.

அதிலும் கட்சி பார்த்து, ஆள் பார்த்து வரும் கோபம் என்னை இன்னும் நோகடிக்கிறது. 2022 ஆகஸ்ட் 15 அன்று குஜராத் அரசு பில்கிஸ் பானு கூட்டு வன்புணர்வு வழக்கின் பதினோரு ஆயுள் கைதிகளை விட்டபோது, வெளியே வந்தவர்களுக்கு மாலையும் இனிப்பும் கொடுத்தபோது இங்கே எல்லோரும் கொதித்தோம். கொதிக்க வேண்டியதுதான். தண்டனை கொடுத்த மும்பை நீதிமன்றத்தின் நீதிபதி விடுதலை வேண்டாம் என்று கருத்துச் சொல்லியும் விட்டார்கள். தன் பாதுகாப்பைப் பற்றி யாரும் தன்னிடம் கேட்கவில்லை என்று அந்தப் பெண் அறிக்கை விட்டார். எங்கள் அக்கா கேட்டதும் அதுதான். 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து அவர்களைத் திரும்ப உள்ளே அனுப்பியது. ஆனால் பில்கிஸுக்காக எழுதிய கைகளில் எத்தனை கைகள் லீலாவதிக்காக எழுதின? மறுபக்கம், தருமபுரி மாணவிகளுக்காகக் கண்ணீர் விட்டவர்களில் பலர் குஜராத் என்றதும் சட்டப்படிதானே செய்தார்கள் என்றார்கள்.

பீகாரைப் பாருங்கள். 1994 டிசம்பரில் கோபால்கஞ்ச் கலெக்டர் ஜி. கிருஷ்ணய்யாவை நடுரோட்டில் கும்பல் அடித்துக் கொன்றது. இன்றைய தெலங்கானாவிலிருந்து போன தலித் அதிகாரி. அந்தக் கும்பலைத் தூண்டியதற்காக ஆனந்த் மோகன் சிங் என்ற அரசியல்வாதிக்குக் கிடைத்த தூக்கு, பிறகு ஆயுளானது. 2023 ஏப்ரலில் பீகார் அரசு சிறை விதியிலேயே கைவைத்தது. பணியிலிருக்கும் அரசு ஊழியரைக் கொன்றவர்களுக்கு முன்விடுதலை இல்லை என்றிருந்த வாசகத்தை எடுத்தது. அந்த மாதமே ஆள் வெளியே. சமூக நீதி பேசுகிற கூட்டணியின் ஆட்சி அது. இறந்த அதிகாரியின் மனைவிதான் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். எந்த மாநிலமானாலும் கடைசியில் ஓடுவது விதவையும் தகப்பனும்தான்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளன் விடுதலையை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்தவர், 2022இல் உச்ச நீதிமன்றமே தன் தனி அதிகாரத்தில் விடுவித்தது, அவர் தாயின் போராட்டம் உலகத்துக்கே தெரியும். அந்தத் தாய்க்காக நானும் நெகிழ்ந்திருக்கிறேன். ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு செத்த போலீஸ்காரர்கள், கட்சித் தொண்டர்கள், பொதுஜனங்கள் குடும்பங்களிலும் சிலர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அவர்களில் ஒருவர் பெயராவது நமக்கு ஞாபகம் இருக்கிறதா?

கைதிகள் திருந்துவதில்லை என்று நான் சொல்லவில்லை. திருந்துகிறார்கள். சிறைக்குள் படித்துப் பட்டம் வாங்கியவர்கள், பரோலில் வந்து நேரத்துக்குத் திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருப்பவனின் பெண்டாட்டி பிள்ளைகளும் தண்டனை அனுபவிக்கிறார்கள். ஒவ்வொரு ஆளையும் தனித்தனியாகப் பார்த்து, நன்னடத்தை அலுவலர் ஊருக்கு வந்து நாலு பேரை உண்மையாக விசாரித்து, காரணத்தை எழுத்தில் வைத்து விட்டால் அதை நான் வரவேற்பேன். என் சண்டை தேதி குறித்துவிட்டுப் பட்டியல் தேடுவதோடுதான். தலைவரின் நூற்றாண்டு வருகிறது என்பதால் ஒருவன் திருந்திவிடுவானா?

இரக்கம் காட்ட வேண்டிய இடம் இல்லாமலா இருக்கிறது? இந்தியச் சிறைகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று இன்னும் தீர்ப்பு வராதவர்கள். ஜாமீன் கிடைத்தும் கட்டப் பணமோ ஆளோ இல்லாமல் கிடப்பவர்கள் அதில் உண்டு. பிறந்தநாளுக்கு நல்லது செய்ய நினைக்கிற கட்சி அவர்களுக்கு வக்கீல் பிடித்துக் கொடுக்கலாமே. அவர்கள் கொடி பிடிக்கிறவர்கள் இல்லை, தேர்தல் வேலை பார்க்கிறவர்கள் இல்லை, அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை. சட்டத்தின் கடுமை ஏழைக்கு, கருணை செல்வாக்குள்ளவனுக்கு என்று தலைகீழாக நிற்கிறது.

இந்தப் பிறந்தநாள் விடுதலைகளுக்கும் நம் இலவச அரசியலுக்கும் உறவு இருப்பதாக நான் நினைக்கிறேன். ரேஷன் அரிசியையோ சத்துணவையோ குறை சொல்லவில்லை. அந்த அரிசியில்தான் அக்காவின் வீட்டில் உலை கொதித்தது. ஆனால் எல்லாவற்றையும் தலைவர் கையிலிருந்து வாங்குவதாகவே பழக்கிவிட்டார்கள். உரிமை எது, தயவு எது என்ற வித்தியாசம் அழிந்து போயிற்று. பிறந்த குழந்தைக்கு மோதிரம், ஊருக்கு அன்னதானம், சிறையில் இருப்பவனுக்கு விடுதலை. எல்லாம் ஒரே மேடை, ஒரே வாழ்த்துச் சுவரொட்டி. அரிசி கஜானாவிலிருந்து வருகிறது, சரி. இந்த மன்னிப்பு யார் வீட்டிலிருந்து எடுத்தது? கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கிறார்கள். அக்கா மனதில் மன்னிப்பு இருந்தால் அவர் கொடுக்கட்டும். அவர் சார்பில் கொடுக்க மந்திரிசபைக்கு யார் சொன்னது?

இன்னொன்றும் நடக்கிறது. கொலை நடந்ததும் நிவாரண நிதி என்று ஒரு காசோலை வரும். வாங்கும்போது போட்டோ எடுப்பார்கள். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் வாய் திறந்தால் ஊரே சொல்லும்: "அதான் பணம் குடுத்தாச்சுல்ல?" அக்காவிடமும் சொன்னார்கள், வெளியாள் இல்லை, சொந்தக்காரர்களே. அந்தப் பணத்தில் அவர் வீட்டு ஓட்டை மாற்றினார், மகனுக்கு ஃபீஸ் கட்டினார். வாங்கியதற்காக அவர் குற்றவுணர்வோடு இருக்கிறார் தெரியுமா? கேள்வி கேட்கும் உரிமையை விற்றுவிட்டோமோ என்று என்னிடம் கேட்டிருக்கிறார். ஒரு அரசு தன் குடிமகளை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தலாமா?

சட்டத்தில் ஒரு வழி ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது. குற்ற நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 360ஆம் பிரிவு, அரசு ஒரு வழக்கை வாபஸ் வாங்குவதென்றால் பாதிக்கப்பட்டவருக்குப் பேச வாய்ப்புக் கொடுக்காமல் நீதிமன்றம் அனுமதிக்கக் கூடாது என்கிறது. நல்ல விஷயம். ஆனால் அதே சட்டத்தில், தண்டனைக் குறைப்பைப் பற்றிச் சொல்லும் 473இல், தண்டித்த நீதிபதியின் கருத்தைக் கேட்கலாம் என்று இருக்கிறதே தவிர, பாதிக்கப்பட்ட வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வழக்கை வாபஸ் வாங்கும்போது கேட்கப்பட வேண்டியவள், தண்டனையையே வாபஸ் வாங்கும்போது ஏன் கேட்கப்பட வேண்டியவள் இல்லை?

நாடாளுமன்றம் அதைத் திருத்தும் வரை காத்திருக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் முன்விடுதலைக்கான நெறிமுறைகளை எழுதுவது உள்துறை. ஏழு வருஷம் என்றும் பத்து வருஷம் என்றும் வரம்பு வைத்தது அரசாணைதான். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு முன்கூட்டியே பதிவுத் தபாலில் தகவல் போக வேண்டும், அவர்கள் சொல்வதை எழுதி வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும், விடுதலைக்கான காரணத்தை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும், எந்தத் தலைவரின் பிறந்தநாளோடும் அதை முடிச்சுப் போடக் கூடாது. இவ்வளவையும் இன்னொரு அரசாணையில் எழுதிவிடலாம். 2021இல் அண்ணாவின் 113ஆம் பிறந்தநாளுக்கு 700 பேரை விடுவிப்பதாக அறிவித்தார்கள். அடுத்த பட்டியலுக்கு யாராவது எங்கேயோ கோப்பு தயாரித்துக்கொண்டிருப்பார்கள். ஓட்டுக் கேட்டு உங்கள் தெருவுக்கு வருகிறவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், இந்த நாலு வரியை அரசாணையாகப் போடுவீர்களா என்று கேளுங்கள். நான் கேட்கப் போகிறேன், அக்காவையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு.